பல்லில்லாத வாய் ஒன்று தேவை

ஜனவரி 8

மாடி வாடகைதாரருக்கு,

கட்டட உரிமையாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அண்ணன் என்ற முறையில் எழுத நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

புதிதாக வந்திருக்கும் தொழில் பதிவுச் சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். இனி ஒருவர் வாயில் கைவைத்து அளவெடுத்துப் பல்செட் செய்கிறவர்கள் எல்லாரும் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஜூன் 30 கடைசி நாள். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாய், ஊரில் பாதிப் பேர் உன் புண்ணியத்தில்தான் மெல்லுகிறார்கள் என்பதெல்லாம் சரி. சட்டத்துக்கு அது தெரியாது. உன்னிடம் காகிதம் இல்லை.

இதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதே சட்டம் என்னையும் சேர்த்து இழுத்துவிட்டது. பதிவில்லாதவர் தொழில் நடத்த இடம் கொடுத்தால் கட்டட உரிமையாளரும் பொறுப்பு. இந்த மாதம் முடிவதற்குள் நான் நோட்டீஸ் கொடுக்காவிட்டால், தெரிந்தே இடம் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்களாம். ஆகவே இதுவே நோட்டீஸ். ஜூன் 30க்குள் பதிவுச் சான்றிதழைக் காட்டு. இல்லாவிட்டால் ஜூலை முதல் தேதி மாடியைக் காலி செய்து சாவியைக் கொடு.

இன்னொன்று. உன்னிடம் வருகிறவர்கள் எல்லாம் வயதானவர்கள். மாடிப் படியில் யாராவது விழுந்தால் அதற்கும் நீயும் நானும் சேர்ந்தே பொறுப்பு. கைப்பிடி ஆடும் என்று ஞாபகம். சரி செய்.

பதிலைக் கடிதமாக அனுப்பு. போன் செய்யாதே. புதுச் சட்டப்படி உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் நடுவில் எல்லாமே எழுத்தில்தான் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

இப்படிக்கு,
கட்டட உரிமையாளர்


ஜனவரி 15

மாண்புமிகு கட்டட உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் மாடியின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் வாடகைதாரர் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. அதைப் படித்த நேரத்தில் என் நாற்காலியில் ஒரு பெரியவர் வாய் நிறைய அச்சுப் பசையோடு உட்கார்ந்திருந்தார். பசை இறுகும்வரை அசையக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பசை இறுகிய பிறகும் அசையவில்லை, பாவம்.

போதும், எனக்கு மரியாதை இதற்கு மேல் வரவில்லை. அண்ணா, உனக்கு வெட்கமாக இல்லையா?

அப்பா கட்டடத்தை உனக்கும் வீட்டை எனக்கும் எழுதி வைத்தபோது, "மாடி என்னிக்கும் உன்னுதுதான், வாலு"ன்னு சொன்னது யார்? கல்யாணமே வேண்டாம் என்று மைக்கோடு குடும்பம் நடத்திய மனிதர், எனக்கு இருக்கும் ஒரே மகளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன், அவள் கல்யாண வரவேற்பில் நான்தான் மேடையில் பேசுவேன் என்று மூன்று மாதம் முன்பே துண்டுபோட்டு வைத்தவர், கடைசியில் வந்தாரா? "கால் வலி" என்று ஒரு தந்தி மாதிரி இரண்டு வரி. ஒரு வருடம் நாலு மாதம் ஆயிற்று. நான் இருபது தடவை போன் செய்தேன், ஒரு தடவைகூட எடுக்கவில்லை. உன் மருமகள் மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாள். "மைக் மாமா வந்துடுவாரும்மா, வண்டி லேட்டா இருக்கும்." சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிறவரைக்கும் அந்த நாற்காலியை எடுக்க விடவில்லை.

நீ ஓய்வு பெறும் முன்பு பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போன குரலைத்தான் எங்கள் ரயில்வே ஸ்டேஷனில் இன்னும் போடுகிறார்கள். அந்தப் பக்கம் போனாலே கணீரென்று கேட்கிறது. ஊருக்கெல்லாம் பேசுகிறாய். எனக்கு மட்டும் நோட்டீஸ்.

கைப்பிடி விஷயம். கட்டடத்தோடு ஒட்டியிருக்கும் எதுவும் உரிமையாளர் பொறுப்பு என்று கீழ் வீட்டு வக்கீலம்மா சொல்கிறார். கீழ்ப் பகுதி வாடகைதாரரைத்தான் சொல்கிறேன், உனக்கு ஞாபகம் இருந்தால். ஆகவே கைப்பிடியைத் தாங்களே சரி செய்துகொள்ளவும்.

இப்படிக்கு,
கோபத்தில் இருக்கும் மாடி வாடகைதாரர்


ஜனவரி 27

மாடி வாடகைதாரருக்கு,

கைப்பிடி உரிமையாளர் பொறுப்புதான். ஒத்துக்கொள்கிறேன். தச்சரை அனுப்புகிறேன், ஒரு கொத்தனாரும் வருவார். படியை முழுக்க அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டீஸ் கொடுத்ததற்காக நான் தூங்காமல் கிடந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய். வேண்டாம், நம்பாதே. இங்கே என் வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர் பேசினால் பயமாக இருக்கும். "சார், நாளைக்கு ஒருத்தர் வாய் புண்ணாப் போச்சுன்னு வழக்குப் போட்டா, உங்க தங்கச்சி பேரும் வரும், உங்க பேரும் வரும், கட்டடத்துக்கே சீல் வெப்பாங்க"ன்னார். கட்டடம் போனால் உன் மாடியும் சேர்ந்துதானே போகும். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்துக்கு வராதது தப்பு. கால் வலி. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

நீ பதிவு வாங்கப் பார். அதற்கு என்ன வழி என்று விசாரித்தாயா?

இப்படிக்கு,
அண்ணன்
(கட்டட உரிமையாளர்)


பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொண்ட உரிமையாளரைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துவிட்டேன். கோபம் தீரவில்லை, சிரித்தேன், அவ்வளவுதான்.

முதலில் படி. கொத்தனார் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பதினேழு படியும் ஏறி இறங்கினார். பதினாறாவது படி மட்டும் மற்றதைவிட இரண்டு விரல் உயரம்! கட்டும்போதே அப்பா கணக்கில் விட்டது. நாற்பது வருடமாக நம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படி வந்தால் நம் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அதனால்தான் வெளியாட்கள் மட்டும் அங்கே வந்ததும் "அய்யோ" என்கிறார்கள். நான் இத்தனை நாளும் அது என் பல்செட்டைப் பற்றிய பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உடைத்துச் சமமாக்கிவிட்டார். கைப்பிடியும் இரும்பு மாதிரி நிற்கிறது.

இனி நல்ல செய்தி. சட்டத்துக்கு விதிகள் வெளியாகிவிட்டன. வக்கீலம்மா வாசித்துக் காட்டினார். இருபது வருடத்துக்கு மேல் தொழில் செய்தவர்களுக்குப் படிப்பு வேண்டாம். செய்முறைத் தேர்வு மட்டும். வாரியத்துக்காரர்கள் நம் கடைக்கே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அச்சு எடுப்பது, கடி அளவு பார்ப்பது, மெழுகில் பல் அடுக்குவது, கடைசிப் பொருத்தம் என்று நாலு நாள் வேலை. இது எனக்கு இடது கையால் செய்கிற வேலை.

கெட்ட செய்தியும் உண்டு. யாருக்குச் செய்கிறேனோ அந்த ஆள் என் பழைய வாடிக்கையாளராக இருக்கக் கூடாது. பழைய அச்சை வைத்து ஏமாற்றிவிடுவோமாம். வாயில் ஒரு பல்கூட இருக்கக் கூடாது. எடுத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதுவரை எந்த செட்டும் போட்டிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வாய்க்கு நான் எங்கே போவேன்? இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் பல்லில்லாத வாய் எல்லாம் என் வாய்தானே! நன்றாக வேலை செய்ததற்குத் தண்டனை மாதிரி இருக்கிறது.

கடை வாசலில் வக்கீலம்மா கையாலேயே ஓர் அட்டை எழுதி மாட்டினார்: "பல்லில்லாத வாய் ஒன்று தேவை. ஏற்கெனவே இங்கே வந்த வாய் வேண்டாம்." முதல் நாளே ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்து நின்றார். பொக்கை வாயைக் காட்டி, "நான் செட்டே போட்டதில்லையேம்மா" என்கிறார். நான் செய்து கொடுத்த செட் அவர் சட்டைப் பையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்கு உதவத்தான் பொய் சொல்கிறார் என்று தெரிந்து கண் கலங்கிவிட்டது.

பழைய போஸ்ட்மாஸ்டருக்கு மூன்று பல் மிச்சம். எடுத்துவிடலாமா என்று நைசாகக் கேட்டேன். "இந்த மூணும் கடைசிவரைக்கும் என்கூட வரும்னு நிக்குது. அதைப் போய் வெளியில தள்ளச் சொல்றியே"ன்னுட்டார். பூட்டு ரிப்பேர்காரரின் அம்மாவுக்குச் சுத்தமாகப் பல் இல்லை, செட்டும் போட்டதில்லை. ஓடினேன். "எனக்கு எதுக்குடி பல்லு? வா, யாரு முன்னாடி சாப்பிட்டு முடிக்கறாங்கன்னு பாப்போம்"னு ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். நான் தோற்றுப்போய்த் திரும்பி வந்தேன்.

ஆளின் பெயரை மார்ச் 31க்குள் வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடம் தேர்வு இல்லை. அப்புறம் ஜூலை முதல் தேதி உனக்குச் சாவி வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், போன் கூடாது என்று எழுதினாயே, அந்தச் சட்டப் பிரிவின் எண் என்ன? வக்கீலம்மா சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டார். அப்படி ஒன்றே கிடையாதாம். என் குரலைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லையா உனக்கு?

தங்கை


மார்ச் 3

வாலுவுக்கு,

பிரிவு எண் ஞாபகமில்லை.

சில சந்தேகங்கள். சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்த ஆளின் வாயை எத்தனை பேர் பார்ப்பார்கள்? நாலு நாளும் அவர் ஏதாவது பேச வேண்டியிருக்குமா? பேசாமல் தலையை ஆட்டினால் போதாதா? உறவுக்காரர்கள் கூடாது என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா?

அண்ணன்


மார்ச் 10

அண்ணாவுக்கு,

என்ன அண்ணா கேள்வி இது? மூன்று பேர் பார்ப்பார்கள். பேசித்தான் ஆக வேண்டும். பேச்சு சரியாக வருகிறதா என்று பார்க்காமல் பல்செட்டை எப்படி முடிப்பது? மெல்லுவதற்குப் பாதி, பேசுவதற்குப் பாதி. உறவுக்காரர் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் நம் உறவில் பொக்கை வாய் யார் இருக்கிறார்கள், சொல். சித்தப்பாவுக்குப் போன வருடம்தான் நான் செய்து கொடுத்தேன்.

பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வருகிறேன் என்றார். பெயரெல்லாம் எழுதி வாங்கினேன். நேற்று ஆள் அனுப்பிவிட்டார், மகன் வேண்டாம் என்கிறானாம். மூன்று பேர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

இன்று கடையில் பழைய அச்சுகளை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் வெள்ளைச் சாந்தில் வார்த்த ஈறுகள். ஒவ்வொன்றின் அடியிலும் தொழில் எழுதி வைத்திருக்கிறேன். "ஊதுகுழல் வாசிப்பவர்", "கோள் சொல்கிறவர்", "சிரிக்கவே மாட்டார்". அந்தச் "சிரிக்கவே மாட்டார்" செட் போட்ட மறுநாள் வந்து ஒரு மணி நேரம் சிரித்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அப்புறம் அடுக்க மனசு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மாடியை விட்டால் எனக்கு வேறு இடம் கிடைக்காதா என்பது இல்லை. பதிவில்லாமல் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் நான் திருடிதானே. இருபத்திரண்டு வருடம் செய்த வேலையை இனி ஒளிந்து செய்ய வேண்டும். அதுதான் தாங்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

வாலு


மார்ச் 16

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

என் வாயில் ஒரு பல்லும் இல்லை.

உன் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். ஈறு கெட்டுப்போய்விட்டது, இனி ஒன்றையும் காப்பாற்ற முடியாது என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் முதலில் "தங்கச்சி" என்று சொல்லிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. நர்ஸ் "தண்ணியா சார்?" என்று கேட்டாள்.

வாலு, நான் வேறு என்ன சாதித்தேன்? முப்பத்தைந்து வருடம் மைக் முன்னால் உட்கார்ந்து வண்டி வருகிறது, வண்டி போகிறது என்று சொன்னேன். அதைச் சரியாகச் சொன்னேன். ஒரு எழுத்து தவறாமல் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் வாசலில் நின்று கையைக் குவித்துக்கொண்டு, "வாலு எக்ஸ்பிரஸ் முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று கத்துவேனே, நீ கூவிக்கொண்டே ஓடி வருவாயே. அந்தக் குரலைக் கேட்ட காதில் இந்தக் குரல் விழக் கூடாது என்று நினைத்தேன். போனை எடுக்காததும் அதனால்தான். எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை. அது நான் போட்ட சட்டம்.

கால் வலி பொய். நான் கல்யாணத்துக்குக் கிளம்பினேன். டிக்கெட் கையில், புதுச் சட்டை, மேடையில் பேச வேண்டியதை எழுதிய தாள் பையில். பேச முடியாது, தாளையாவது மருமகளிடம் கொடுத்துவிடலாம் என்று பிளாட்பாரத்தில் நின்றேன். அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." என் குரல். இங்கேயும் அதைத்தான் போடுகிறார்கள். என் வண்டி வருகிறது என்று நானே எனக்குச் சொல்கிறேன், அட்சர சுத்தமாக. நான் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நிற்கிறேன். வண்டி வந்தது, நின்றது, போனது. நான் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் செட் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்பாய். வேறு ஆளிடம் செய்துகொண்டால் உனக்குத் துரோகம். உன்னிடம் வந்தால் எனக்கு வெட்கம். இரண்டுக்கும் நடுவில் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, ஒரு பல்லும் இல்லை. எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. செட் போட்டதே இல்லை. உன் வாடிக்கையாளரும் இல்லை. மூன்று பேர் என்ன, முப்பது பேர் வந்து பார்க்கட்டும். பெயரைக் கொடுத்துவிடு.

அண்ணன்


மார்ச் 19

என் மண்டு அண்ணாவுக்கு,

கடிதத்தைக் கடை நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில். முதலில் அழுதேன். சத்தம் கேட்டுக் கீழே இருந்து வக்கீலம்மா ஓடி வந்தார். நான் கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "உங்க அண்ணன் சட்டத் தகுதி எல்லாம் வரிசையா அழகா எழுதியிருக்காரும்மா. மனு மாதிரியே இருக்கு" என்றார். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

உன்னைத் திட்டுவதற்கு ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. பொக்கை வாயைப் பார்த்து நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தாயா? அண்ணா, எனக்குப் பொக்கை வாய்தானே சோறு போடுகிறது! ஊரில் அத்தனை பேரும் வெட்கப்படாமல் என் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். என் சொந்த அண்ணன் மட்டும் கைக்குட்டையால் மூடிக்கொண்டான். இதைவிட எனக்கு என்ன அவமானம் வேண்டும்?

சரி, திட்டு போதும். கட்டட உரிமையாளரே ஆளாக வரலாமா என்று வக்கீலம்மா வாரியத்துக்கு எழுதிக் கேட்டுவிடுகிறேன் என்றார். நேரில் போய்க் கேட்டுக்கொண்டும் வந்துவிட்டார். தடையில்லை. உன் பெயரைக் கொடுத்தாயிற்று. ஏப்ரல் 21 முதல் 24 வரை தேர்வு. 20ஆம் தேதியே வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நானே வருவேன். ஒலிபெருக்கியில் நீ கத்தினால் கத்திக்கொண்டு போகட்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் மேல்வரிசை முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். சின்ன வயதில் நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் உன் பேச்சைக் கேட்பேன். அந்தப் பல்லை அப்படியே கோணலாகத்தான் வைக்கப் போகிறேன். வாரியத்துக்காரர்கள் மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

வாலு


மே 9

வாலுவுக்கு,

இரண்டு வாரம் செட்டைப் போட்டுப் பழகிய பிறகு ஆள் மட்டும் தனியாக வாரிய அலுவலகத்துக்கு வர வேண்டும், செய்தவர் வரக் கூடாது என்ற கடைசிச் சோதனை இன்று முடிந்தது. முடிவு அவர்களிடமிருந்து உனக்குத் தபாலில் வரும். அதுவரை நீயும் நானும் இதைப் பற்றிப் போனில் பேசக் கூடாதாம். நிஜமான விதி இது, நான் போட்டது அல்ல. ஆனால் கடிதம் எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டேன்.

வாரியத் தலைவி அம்மா கெடுபிடியான ஆள். கண்ணாடிக்கு மேலே பார்க்கிறார். முதலில் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு சின்ன விளக்கை அடித்து ஈறு முழுக்கத் தேடினார். எங்கேயும் புண் இல்லை. "இந்த முன்பல் ஏன் கோணலா இருக்கு?" என்றார். "அது என் பல்லும்மா. என் தங்கச்சிக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். உனக்கு நல்லதா கெட்டதா தெரியவில்லை.

அப்புறம் ஒரு ஆப்பிளைக் கொடுத்தார். ஒன்றே முக்கால் வருடம் கழித்து ஆப்பிளைக் கடித்தேன், வாலு. சத்தம் எனக்கே கேட்டது. தின்றுகொண்டே இருந்தேன். "போதும் சார், சோதனைக்கு ஒரு கடி போதும்" என்றார். முழுசையும் தின்றுவிட்டுத்தான் வைத்தேன்.

கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, "சத்தமா ஒரு பத்தி படிங்க" என்றார். பதற்றத்தில் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்! தாளில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. படிக்க முடியவில்லை என்றால் செட் சரியில்லை என்று எழுதிவிடுவாரோ என்று பயம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று எடுத்தேன். எடுத்த பிறகு நிறுத்த முடியவில்லை. வண்டி எண், புறப்படும் ஊர், வழியில் நிற்கும் ஊர், நடைமேடை எண், எல்லாம் வந்தது. ஒரு எழுத்துகூட நழுவவில்லை.

முடித்ததும் வெளியே தடதடவென்று சத்தம். கதவைத் திறந்து பார்த்தால், நடைவழியில் காத்திருந்த அத்தனை பேரும் எழுந்து பையும் மூட்டையுமாக நிற்கிறார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "எத்தனாவது பிளாட்பாரம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீங்களா சார் அது? இருபது வருஷமா உங்க குரலைக் கேட்டுத்தானே நான் ஓடி ஓடி வண்டி ஏறியிருக்கேன்." உடனே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆனா அதுக்கெல்லாம் மார்க் கிடையாது" என்றார்.

உன் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன் மாடிக்கு ஏறும்போது பதினாறாவது படியில் தடுக்கி விழப் பார்த்தேனே, எல்லாரும் பயந்தீர்களே, காரணம் என் கண் அல்ல. நாற்பது வருடப் பழக்கத்தில் கால் இரண்டு விரல் உயரமாகத் தூக்கிக்கொண்டது, படி அங்கே இல்லை. சட்டப்படி கட்டட உரிமையாளர் மேல் நான் வழக்குப் போடலாம் என்று நினைக்கிறேன்.

அண்ணன்


மே 25

மைக் அண்ணாவுக்கு,

வந்துவிட்டது! காலையில் தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதிவுச் சான்றிதழ், முத்திரை, என் பெயர், எல்லாம் இருக்கிறது. கீழே தலைவி அம்மா கையால் ஒரு குறிப்பு: "முன்பல் கோணல், நோயாளியின் இயல்புக்குப் பொருத்தமானது. சிறப்பான வேலை." இதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தலைமை ஆசிரியர் வந்து ஒரு தடவை உரக்கப் படித்தார், போஸ்ட்மாஸ்டர் ஒரு தடவை படித்தார், பூட்டு ரிப்பேர்காரரின் அம்மாவுக்காக இன்னொரு தடவை.

பெட்டியில் அடுக்கிய அச்சுகளை எல்லாம் மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அடியில் "ரயில்" என்று எழுதியிருக்கிறேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. பக்கத்திலேயே உன் நோட்டீஸுக்கும் ஒரு சட்டம். இரண்டையும் வாங்கியது உன்னால்தானே.

வக்கீலம்மா ஒரு சேதி சொல்லச் சொன்னார். விதியைத் திருத்தியிருக்கிறார்களாம். சான்றிதழ் உள்ளவருக்கு இடம் கொடுத்தால் அவர் தொழிலில் நடப்பதற்கு உரிமையாளர் பொறுப்பில்லை. ஆனால் படி, கைப்பிடி, வெளிச்சம் இவற்றை வருடத்துக்கு ஒரு தடவையாவது உரிமையாளர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் அனுப்பினால் செல்லாது. பிரிவு 11, உட்பிரிவு 3. இது உன் மாதிரி நான் போட்ட சட்டம் அல்ல, சந்தேகம் இருந்தால் உன் பயமுறுத்தும் வக்கீலைக் கேட்டுக்கொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மருமகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அம்மா, அந்தத் தாளை மாமா இன்னும் வெச்சிருக்காரா?" என்று மட்டும் கேட்டாள்.

வைத்திருக்கிறாயா அண்ணா?

வாலு


மே 28

வாலுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரையும் மாடியில் உட்கார வை. ஒரு நாற்காலி காலியாக இருக்கட்டும். கதவைத் திறந்து வை. பிறகு இதற்குக் கீழே இருப்பதை நீயே எழுந்து நின்று உரக்கப் படி. உனக்கும் கொஞ்சம் வரும், என் தங்கச்சிதானே.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஒரு வருடம் எட்டு மாதத்துக்கு முன்பு கல்யாண வரவேற்பு மேடைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய தாய்மாமன், புதுச் சட்டையோடும் பழைய தாளோடும், இன்னும் சற்று நேரத்தில் பதினேழாவது படிக்கு வந்து சேருவார். மருமகளும் மாப்பிள்ளையும் இருக்கையிலேயே இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஏற்பட்ட தாமதத்திற்கு மனமார வருந்துகிறோம்.

இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில்தான் நிற்கிறேன். தாளில் இருப்பதை நானே சொல்கிறேன்.

மீதி எல்லாம் வாய்ப்பேச்சு. அது செல்லும்.

அண்ணன்